கட்டங்களைக் கலைக்காதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மாணவரிடையே குறைந்துவரும் வாசிப்புப் பழக்கத்தைப் பற்றித் தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் அண்மையில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். கட்டுரையாளரின் கவலை நியாயமானது. ஆனால் பிள்ளைகள் எதைப் படிக்கலாம், எதைப் படிக்கக் கூடாது என்று பிரிக்கும் இடத்தில், அவர் சித்திரக்கதையைத் தொலைக்காட்சியோடும் கைப்பேசி விளையாட்டோடும் ஒரே வரிசையில் நிறுத்தி, படத்தைப் பார்த்துப் பக்கத்தைப் புரட்டுவதற்கு மூளை உழைக்க வேண்டியதில்லை என்று தீர்ப்பும் சொல்லிவிடுகிறார். தாராபுரம் வட்டாரத்து அரசுப் பள்ளிகளில் ஓவிய ஆசிரியராக வேலை பார்த்து ஓய்வுபெற்றவன் என்ற முறையில் அந்தத் தீர்ப்பை மறுக்கவும், அதையொட்டித் தங்கள் நாளிதழின் மீதே எனக்குள்ள ஒரு மனக்குறையைச் சொல்லவும் இக்கடிதத்தை எழுதுகிறேன். சற்று நீளும், பொறுத்தருள வேண்டும்.

சித்திரக்கதையையும் கதைக்குப் போடும் படத்தையும் ஒன்றாகக் கருதுவதிலிருந்துதான் இத்தகைய தீர்ப்புகள் பிறக்கின்றன என்று நினைக்கிறேன். இரண்டும் வேறு வேறு கலைகள். இதை விளக்க நம் பக்கத்து ஓவியர் ஒருவரே போதும். இன்றைய திருப்பூர் மாவட்டத்துக் காரத்தொழுவில் 1924-ஆம் ஆண்டு பிறந்து, ‘சங்கர்’ என்ற பெயரில் அம்புலிமாமாவில் பல பத்தாண்டுகள் வரைந்த கே.சி. சிவசங்கரனின் விக்கிரமாதித்தனை மறந்தவர்கள் என் தலைமுறையில் இருக்க மாட்டார்கள். கையில் வாள், தோளில் வேதாளம் குடிகொண்ட பிணம், இருளுக்குள் எடுத்துவைத்த ஓர் அடி. அந்த ஒரே படத்தில் கதையின் அச்சம் முழுவதும் அடங்கியிருந்தது. அவர் 2020-இல் மறைந்து, அடுத்த ஆண்டு பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டபோது, அந்த மரியாதை அவர் இருக்கும்போதே வந்திருக்கலாமே என்று நாங்கள் பேசிக்கொண்டோம். ஆயினும் அவர் வரைந்த அந்தப் புகழ்பெற்ற படம் சித்திரக்கதை ஆகாது. படத்தை எடுத்துவிட்டாலும் வேதாளம் கேள்வி கேட்கும், விக்கிரமன் வாய் திறப்பான், வேதாளம் மறுபடியும் முருங்கை மரம் ஏறும். கதை எழுத்திலேயே முழுமையாக நிற்கிறது. படம் அதற்கு முகம் கொடுக்கிறது.

சித்திரக்கதையில் அப்படி ஒன்றை எடுத்துவிட்டு மற்றொன்றைக் காப்பாற்ற முடியாது. 1830-களில் கட்டம் கட்டமாகப் படம் வரைந்து, ஒவ்வொன்றின் கீழும் ஓரிரு வரிகள் எழுதி நூலாக வெளியிட்ட முன்னோடியான ரொடோல்ஃப் டாப்ஃபர், ஜெனீவாவில் விடுதிப் பள்ளி நடத்திய ஓர் ஆசிரியர். எழுத்து இல்லாவிட்டால் தம் படங்களுக்குத் தெளிவான பொருள் கிடையாது, படம் இல்லாவிட்டால் எழுத்துக்குப் பொருளே கிடையாது என்ற கருத்தை அவரே தம் நூலைப் பற்றி எழுதியிருக்கிறார். வகுப்பு நடத்தும் ஒருவர் கையில் வளர்ந்த கலையை, வகுப்பில் யாராவது வைத்திருந்தால் பிடுங்கி மேசை இழுப்பறையில் போட்டுப் பூட்டும் வழக்கம் எங்கள் தொழிலில் எப்படி வந்தது என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

மூளை உழைக்க வேண்டியதில்லை என்ற கூற்றுக்கு வருகிறேன். வகுப்பறையில் நான் அடிக்கடி கொடுத்த ஒரு பயிற்சி உண்டு. கரும்பலகையில் இரண்டு கட்டங்கள் வரைவேன். முதல் கட்டத்தில், வேப்பமரத்தடியில் முளைக்குச்சியில் கட்டிய ஒரு வெள்ளாடு. இரண்டாம் கட்டத்தில் அதே மரம், அதே முளைக்குச்சி, அறுந்த கயிறு, ஆடு இல்லை. என்ன நடந்தது என்று மட்டும் கேட்பேன். “அறுத்துக்கிட்டு ஓடிருச்சுங்க சார்” என்பான் ஒருவன். “களவாணி புடிச்சுட்டுப் போயிட்டானுங்க” என்பான் அடுத்தவன். “நோம்பி சாட்டிட்டாங்கல்லங்க சார், வெட்டியிருப்பாங்க” என்று கடைசி வரிசையிலிருந்து ஒரு பெண் சொல்ல, வகுப்பே சிரிக்கும். (நோம்பி என்றால் எங்கள் பக்கத்தில் கோயில் திருவிழா.) ஆடு ஓடியதை நான் வரையவில்லை, திருடனை வரையவில்லை, கத்தியையும் வரையவில்லை. இரண்டு கட்டங்களுக்கு நடுவே விரற்கடை அகலத்துக்கு நான் வெறுமையாக விட்டிருந்த கரும்பலகையில்தான் அவ்வளவும் நடந்தன. பிறகு மூன்றாவதாக ஒரு கட்டத்தைச் சேர்ப்பேன். பக்கத்துக் காட்டில் அடுக்கிய சோளத்தட்டுப் போருக்குப் பின்னால் இரண்டு கொம்புகள் மட்டும் எட்டிப் பார்க்கும். உடனே களவாணியும் நோம்பியும் காணாமல் போய்விடுவார்கள். ஒரு கோடுகூட மாறாமல் அப்படியே இருக்கும் இரண்டாம் கட்டம், மூன்றாவதைப் பார்த்த பிறகு வேறு பொருள் தரத் தொடங்கும். பின்னால் வருகிற கட்டம் முன்னால் வந்ததைத் திருத்துகிறது என்பதை எந்தப் பாடமும் நடத்தாமலே பிள்ளைகள் கண்டுகொள்வார்கள்.

கட்டங்களுக்கு இடையிலான இந்த வெற்றிடம்தான் சித்திரக்கதையின் உயிர்நிலை. திரைப்படத்தில் ஒரு காட்சிக்கும் மறு காட்சிக்கும் இடையே இயக்குநர் எவ்வளவு நேரம் கொடுக்கிறாரோ அவ்வளவுதான் நமக்குக் கிடைக்கும். சித்திரக்கதையிலோ காலம் தாளில் பரப்பப்பட்டுக் கிடக்கிறது; சென்றதும் நிகழ்வதும் வரப்போவதும் ஒரே பக்கத்தில் ஒருசேரக் கண்ணுக்குத் தெரிகின்றன; எங்கே நிற்பது, எங்கே திரும்பிப் பார்ப்பது என்பது வாசிப்பவர் கையில் இருக்கிறது. அமெரிக்கக் கலைஞர் ஸ்காட் மெக்கிளவுட் இதைப் பற்றி 1993-இல் ஒரு நூலையே, அதுவும் சித்திரக்கதை வடிவில், எழுதினார். ஒரு கட்டத்திலிருந்து அடுத்ததற்குத் தாவும் வகைகளை அவர் 6 ஆகப் பிரித்தார். ஒரு செயலிலிருந்து அடுத்த செயலுக்குத் தாவுவதே, அதாவது ஓங்கிய கை ஒரு கட்டம், விழுந்த அடி மறு கட்டம் என்பதே, மேலைநாட்டுக் கதைகளில் மிகுதி. ஜப்பானியக் கதைகளில் வேறொரு வகையும் கணிசமாக உண்டு என்று அவர் காட்டினார். அதில் காலம் நகர்வதே இல்லை. கண் மட்டும் நகர்கிறது. நம் ஊர் மாரியம்மன் நோம்பியின் காலைப்பொழுதை அப்படி வரைய நினைத்தால், கோயில் முன் நட்ட கம்பம் ஒரு கட்டம், மரக்கிளையில் கட்டிய ஒலிபெருக்கிக் குழாய் ஒரு கட்டம், மாவிளக்குத் தட்டைத் துடைக்கும் கை ஒரு கட்டம், ஈரத் துண்டோடு திண்ணையில் உட்கார்ந்திருக்கும் கிழவர் ஒரு கட்டம் என்று வரையலாம். நான்கிலும் யாரும் எதுவும் பேச வேண்டியதில்லை. நான்கையும் சேர்த்து ஒரு காலைப்பொழுதாக்கும் வேலையை வாசிப்பவர் செய்துவிடுவார்.

இந்த வேலை எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு என் நினைவில் வரும் சிறந்த சான்று, 1972-இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் வெளியிட்ட முதல் இதழின் நாயகனான இரும்புக்கை மாயாவி. 1962-இல் ‘வேலியண்ட்’ என்ற ஆங்கில வார இதழில் தொடங்கிய அந்தக் கதைக்குப் படம் வரைந்தவர் ஹெசூஸ் பிளாஸ்கோ என்ற ஸ்பானிய ஓவியர். மின்சாரம் பாய்ந்ததும் நாயகனின் உடல் மறைந்துவிடும். வலக்கைக்குப் பதிலாகப் பொருத்திய இரும்புக்கை மட்டும் மறையாது. கதையாகச் சொன்னால் இது ஒரு வேடிக்கையான கற்பனை, அவ்வளவுதான். படமாக்கும்போதுதான் அதன் சாமர்த்தியம் தெரிகிறது. அறையில் ஓர் இரும்புக்கை அந்தரத்தில் மிதக்கிறது. அது நிற்கும் உயரத்தை வைத்து ஆள் நிற்கிறானா குனிந்திருக்கிறானா என்று நாம் கணக்கிடுகிறோம். விரல்கள் மடங்கியிருக்கும் விதத்தை வைத்து அவன் கோபத்தை ஊகிக்கிறோம். எதிரில் நிற்பவனின் கண் எங்கே பார்க்கிறது என்பதை வைத்து முகம் இருக்கும் இடத்தைக் குறிக்கிறோம். ஓவியர் வரையாமல் விட்ட உடல் முழுவதையும் வாசகன் தன் செலவில் வரைந்துகொள்கிறான். பிளாஸ்கோவின் கறுப்பு மையில் நிழல்கள் புகைப்படத்தின் துல்லியத்தோடு விழுந்திருக்கும். சுற்றியுள்ள சுவரும் நாற்காலியும் அவ்வளவு உண்மையாக இருப்பதால்தான் நடுவில் இல்லாத மனிதனையும் நம்ப முடிந்தது. பத்து வயதில் அந்தக் கதையைப் படித்த ஒருவரையும் மூளைக்கு வேலை கொடுக்காதவர் என்று கட்டுரையாளர் சொல்ல முடியாது.

சித்திரக்கதையில் எழுத்துக்கும் ஒரு தோற்றம் உண்டு என்பதையும் சொல்லியாக வேண்டும். பேச்சுக் குமிழின் விளிம்பு முள்முள்ளாக இருந்தால் கத்தல். புள்ளிக்கோடாக இருந்தால் கிசுகிசுப்பு. மேகம்போல இருந்து வாலுக்குப் பதிலாகச் சிறு வட்டங்கள் தொடர்ந்தால் மனத்துக்குள் ஓடும் எண்ணம். இடப்பக்கத்துக் குமிழை முதலிலும் வலப்பக்கத்துக் குமிழைப் பிறகும் படிக்கிறோம் என்பதால், யார் முதலில் பேச வேண்டுமோ அவரை இடப்பக்கம் நிறுத்தாமல் விட்ட ஓவியர் குமிழின் வாலை மற்றவர் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டு போய்த் தவிக்க வேண்டியிருக்கும். ஓசைகள் வரையப்படுகின்றன. கதவு அறையும் ஓசை கட்டத்தின் விளிம்பை உடைத்துக்கொண்டு வெளியே நிற்கும். தூரத்து நாயின் குரைப்பு சிறிய எழுத்தில் மூலையில் ஒடுங்கியிருக்கும். சலசல, மளமள, கடகட, நறநற என்று ஒவ்வோர் ஓசைக்கும் ஓர் இரட்டைக்கிளவி வைத்திருக்கும் மொழிக்கு இதில் குறையே வரக் கூடாது. ஆனாலும் தமிழில் வரும் வெளிநாட்டுக் கதைகள் பலவற்றில் வசனம் மட்டும் தமிழாகி, ஓசைகள் அப்படியே ஆங்கில எழுத்தில் நின்றுவிடுகின்றன. படத்தோடு சேர்த்து வரைந்ததை அழித்து மறுபடி வரைவது செலவுபிடிக்கும் வேலை என்பது தெரியும். தெரிந்தாலும் கண்ணை உறுத்துகிறது.

கட்டத்தின் வடிவமும் பேசும். இதை விளக்கக் காளிங்கராயன் வாய்க்காலை எடுத்துக்கொள்கிறேன். தங்கள் ஈரோட்டுப் பதிப்பின் வாசகர்கள் அனைவருக்கும் தெரிந்த இடம். பவானி ஆறு காவிரியோடு கலப்பதற்குச் சற்று முன்பாக, 13-ஆம் நூற்றாண்டில் காளிங்கராயன் கட்டிய அணையிலிருந்து புறப்பட்டு, காவிரிக்கு இணையாக ஏறத்தாழ 90 கிலோமீட்டர் வளைந்து வளைந்து போய்க் கொடுமுடிப் பக்கம் முடிகிறது. ஏன் இத்தனை வளைவு என்று கேட்டால், பாம்பு ஒன்று முன்னே ஊர்ந்து வழிகாட்டியது, அது போன தடத்திலேயே வாய்க்கால் வெட்டினார்கள் என்று ஊர்க்கதை சொல்லும். நிலத்தின் மேடுபள்ளம் பார்த்துச் சரிவு குறையாமல் நீரைக் கொண்டுபோனதுதான் காரணம் என்பது பொறியாளர் சொல்லும் விடை. எழுத்தில் இந்த இரண்டையும் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் சொல்ல முடியும். முதலில் பாம்பைச் சொன்னால் சரிவு அதை மறுப்பதாகிவிடும்; முதலில் சரிவைச் சொன்னால் பாம்பு வெறும் கட்டுக்கதையாகிவிடும்.

சித்திரக்கதைப் பக்கத்தில் இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியும். பக்கம் முழுவதையும் மேலிருந்து பார்த்த நிலமாக ஒரே படமாக வரைந்துவிட்டு, அதன்மேல் ஆறோ எட்டோ கட்டங்களின் கோடுகளைப் போட வேண்டும். பாம்பின் உடல் முதல் கட்டத்தின் இடது மேல்மூலையில் தொடங்கி, இடைவெளிகளைக் கடந்து, கட்டத்துக்குக் கட்டம் வளைந்து இறங்க வேண்டும். ஒவ்வொரு கட்டத்திலும் அதன் ஓரமாக மனிதர்கள் இருப்பார்கள். முதலில் கழி நட்டு மட்டம் பார்ப்பார்கள். அடுத்ததில் கயிறு பிடிப்பார்கள். பிறகு மண்வெட்டி, கூடை, பாறை உடைக்கும் கடப்பாரை. நிலம் ஒன்றுதான், ஆனால் கட்டத்துக்குக் கட்டம் ஆண்டுகள் ஓடிக்கொண்டிருக்கும். வேலைக்கு வந்த இளைஞனின் மீசை கீழ்வரிசைக்கு வரும்போது நரைத்திருக்கலாம். கடைசிக் கட்டத்தைப் பக்கத்தின் முழு அகலத்துக்கும் நீட்டி, அங்கே பாம்பின் வால் இருக்க வேண்டிய இடத்தில் தண்ணீரை ஓடவிட்டால், பாம்பு எப்போது வாய்க்காலாக மாறியது என்று வாசிப்பவர் மேலே திரும்பிப் போய்த் தேடுவார். மாறிய இடம் எதுவென்று ஓவியரே சொல்லத் தேவையில்லை. இப்படி ஒரே பின்னணியைக் கட்டங்களால் பிரித்து அதற்குள் காலத்தை நகர்த்துவது நான் கண்டுபிடித்த உத்தியன்று. உலகச் சித்திரக்கதைகளில் நன்கு பழகியது. கொங்கு நாட்டுக் கதை ஒன்றுக்கு அதை யாராவது பயன்படுத்திப் பார்க்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. நம் நாட்டுப்புறக் கதைப்பாடலான அண்ணன்மார் கதையை நம் பகுதியில் 1960-களில் ஒலிப்பதிவு செய்த கனடிய மானிடவியலாளர் பிரெண்டா பெக், பிற்காலத்தில் அதையே அசைவூட்டப் படத்தொடராக்க முடிந்ததென்றால், அந்தக் கதையைக் கேட்டே வளர்ந்த நம் பிள்ளைகளால் ஏன் முடியாது?

இனி என் மனக்குறை. தங்கள் சிறுவர் இணைப்பில் மூன்று கட்டங்கள் கொண்ட ஒரு நகைச்சுவைப் படத்தொடர் வந்துகொண்டிருக்கிறது. வரைபவர் யாரென்று எனக்குத் தெரியாது. ஆனால் கை தேர்ந்த கை. சில வாரங்களுக்கு முன்பு வந்த ஒன்றை எடுத்துக்கொள்கிறேன். முதல் கட்டத்தில், கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருக்கும் பெரியவர், கூடையில் இருந்த மாங்காய் எத்தனை என்று பேரனைக் கேட்கிறார். அடுத்த கட்டத்தில் பையன், “எந்த மாங்காய்ங்க அப்பாரு?” என்கிறான். இவ்வளவுதான் அச்சில் இருந்தது. பையன் மக்கு என்பதுதான் நகைச்சுவையோ என்று எண்ணிவிட்டுப் பக்கத்தைத் திருப்பிவிட்டேன். அதே நாள் மாலை, என் பேத்தி கைப்பேசியில் தங்கள் இணையப் பதிப்பைக் காட்டியபோது அங்கே மூன்று கட்டங்களும் இருந்தன. நடுக்கட்டத்தில் வசனமே இல்லை. இரண்டு கன்னமும் உப்பிய பையன், வானத்தில் காக்காயைத் தேடுகிறவனாக அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்கிறான். உதட்டோரத்தில் ஒரு துளி உப்புமிளகாய்த் தூள். அந்தக் கட்டம் இருந்தால் பையன் கில்லாடி, இல்லாவிட்டால் மக்கு. விளம்பரத்துக்கு இடம் போதாமல் பக்கம் கட்டுபவர், வசனமில்லாத கட்டம்தானே என்று எடுத்துவிட்டிருக்கிறார் என்று ஊகிக்கிறேன். கட்டுரையிலிருந்து நடுப்பத்தியை எடுத்துவிட்டு அச்சிட எந்த உதவி ஆசிரியரும் துணிய மாட்டார். படக்கட்டத்தை எடுக்கத் துணிவது, படத்தை எழுத்தோடு ஒட்டிய அலங்காரமாகவே இன்னும் கருதுவதால்தான். கட்டுரையாளரின் தீர்ப்பும் பக்கம் கட்டுபவரின் கத்தரியும் ஒரே இடத்திலிருந்துதான் புறப்படுகின்றன.

கட்டத்தை எடுக்காத வாரங்களிலும் வேறு தொல்லைகள் உண்டு. கிடையாக வரைந்ததை இடத்துக்கேற்ப நெடுகலாக அடுக்குகிறார்கள். இடமிருந்து வலமாக ஓடும் பையனை அடுத்த கட்டத்தில் வலது ஓரத்தில் சுவரில் மோதவைத்திருக்கிறார் ஓவியர். நெடுகலாக அடுக்கியதும் பையன் ஓடிய திசைக்கும் மோதிய சுவருக்கும் உறவே இல்லாமல் போய்விடுகிறது. சில வாரம் படத்தைச் சுருக்குவதில் எழுத்து எள்ளளவாகி, என் வயதுக்காரர்கள் கண்ணாடிக்கு மேல் பூதக்கண்ணாடி பிடிக்க வேண்டியிருக்கிறது. கைப்பேசியில் நெடுகலாக உருட்டிப் படிக்கவென்றே வரையும் சித்திரக்கதைகள் கொரியாவில் பெருகியிருப்பதை நான் அறிவேன். அங்கே கட்டங்களுக்கு இடையில் நீண்ட வெள்ளைவெளி விட்டு, விரல் உருட்டும் நேரத்தையே காத்திருப்பாக மாற்றுகிறார்கள். அது அந்த வடிவத்துக்காகத் திட்டமிட்டு வரைந்தது. கிடையாகத் திட்டமிட்டதை நெடுகலாக நிறுத்துவதற்கு அது சாக்காகாது.

தமிழ் நாளிதழ்களுக்கு இந்தக் கலை புதிதன்று. 1960-இல் தினத்தந்தியில் தொடங்கிய கன்னித்தீவு, முடிவில்லாமல் இழுபடும் எதற்கும் தமிழில் பெயராகவே ஆகிவிட்டது. ஊராட்சிக் கூட்டத்திலும் சாலைப் பணியைப் பற்றிப் பேசும்போது அந்தப் பெயர் அடிபடுகிறது. அதைக் கேலி செய்கிறவர்கள், நாளொன்றுக்கு ஓரிரு கட்டங்களில் நேற்று விட்டதை நினைவூட்டி, இன்று ஒன்றை நடத்தி, நாளைக்கு ஒன்றைத் தொங்கவிடும் கட்டுப்பாடு எவ்வளவு கடினமானது என்று ஒரே ஒரு வாரம் வரைந்து பார்க்கட்டும். அதன் நாயகன் சிந்துபாத்தின் கதி என்ன ஆயிற்று என்று பார்ப்பதற்காகவே எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றுக்கொண்ட முதியவர்களை டீக்கடைப் பெஞ்சுகளில் நானே பார்த்திருக்கிறேன்.

சித்திரக்கதை பிள்ளைகளைக் கெடுக்கும் என்ற அச்சமும் பழையதுதான். 1954-இல் ஃபிரெடெரிக் வெர்தம் என்ற அமெரிக்க மனநல மருத்துவர், சிறார் குற்றங்களுக்குச் சித்திரக்கதைகளே தூண்டுகோல் என்று ஒரு நூல் எழுத, நாடாளுமன்ற மேலவைக் குழு விசாரணை நடத்த, பதிப்பாளர்கள் தங்களுக்குத் தாங்களே தணிக்கை விதி வகுத்துக்கொண்டார்கள். பல இதழ்கள் நின்றுபோயின. வெர்தமின் குறிப்பேடுகளை நூலகத்தில் ஆராய்ந்த கேரல் டில்லி என்ற நூலகவியல் பேராசிரியர், சிறுவர்கள் சொன்னதாக அவர் காட்டிய சான்றுகள் பலவற்றைத் தம் வாதத்துக்கு ஏற்ப அவர் மாற்றியிருந்தார் என்று 2012-இல் வெளியிட்டார். இதற்கிடையே 1992-இல், யூதர்களை எலிகளாகவும் நாஜிகளைப் பூனைகளாகவும் வரைந்து தம் தந்தையின் வதைமுகாம் வாழ்வைச் சொன்ன ஆர்ட் ஸ்பீகல்மனின் சித்திரக்கதைக்குப் புலிட்சர் சிறப்பு விருது வழங்கப்பட்டது. எல்லாச் சித்திரக்கதையும் உயர்ந்தது என்று நான் வாதாடவில்லை. அடிதடியைத் தவிர வேறொன்றும் இல்லாத குப்பைகளும் ஏராளம். குப்பை நாவல்கள் இருப்பதனால் யாரும் நாவலை விலக்கச் சொல்வதில்லை.

ஈரோடு புத்தகத் திருவிழாவில் காமிக்ஸ் விற்கும் கடைமுன் நிற்பவர்களைப் பாருங்கள். நரைத்த தலைகள்தாம் மிகுதி. தங்கள் சிறுவயதைத் தேடி வருகிறார்கள். அவர்கள் வாங்கட்டும், மகிழ்ச்சிதான். ஆனால் பக்கத்தில் நிற்கும் பேரப்பிள்ளைகளுக்கு அவர்கள் காட்டுவதெல்லாம் அமெரிக்கப் பாலைவனத்தில் குதிரை ஓட்டும் துப்பாக்கி வீரர்களும் லண்டன் உளவாளிகளும்தாம். நொய்யல் கரையோ, காங்கயத்துக் காளையோ, பவானி ஜமக்காளத் தறியோ, திருப்பூர் பனியன் கம்பெனியின் இரவு ஷிப்டோ கட்டத்துக்குள் வந்து நான் பார்த்தது மிக அரிது. வரையத் தெரிந்த பிள்ளைகள் இல்லாமலில்லை; என்னிடம் படித்தவர்களிலேயே சிலர் இப்போது ஆயத்த ஆடை நிறுவனங்களில் பனியனுக்குப் படம் வடிவமைக்கிறார்கள். அவர்களுக்கு இல்லாதது பக்கம்.

ஆகவே தங்களிடம் என் வேண்டுகோள் இது. ஞாயிறு இணைப்பின் கடைசிப் பக்கத்தை வாரந்தோறும் முடியாவிட்டால் மாதம் ஒருமுறையாவது, முழுப்பக்கமாக, நம் பகுதி ஓவியர்களின் சித்திரக்கதைக்கு ஒதுக்கித் தர வேண்டும். கதையை ஒருவரிடம் வாங்கி, அச்சுக்கோத்த பிறகு ஓவியரிடம் கொடுத்துப் படம் போடச் சொல்லும் வழக்கம் இதற்கு உதவாது. எழுதுபவரும் வரைபவரும் முதல் நாளிலிருந்தே கூடி உட்கார்ந்து கட்டம் பிரிக்க வேண்டும், அல்லது இரண்டையும் ஒருவரே செய்ய வேண்டும். அச்சிடும் பக்கத்தின் நீள அகலத்தை முன்கூட்டியே அறிவித்துவிட்டு, அதன்பின் எந்த விளம்பரத்துக்காகவும் அதை மாற்றாமல் இருக்க வேண்டும். வரைபவருக்குக் கட்டுரையாளருக்குக் கொடுக்கும் சன்மானத்தை விடக் கூடுதலாகவே கொடுக்க வேண்டும். ஒரு முழுப்பக்கத்தைப் பென்சிலில் போட்டு, மையிட்டு, எழுத்தும் எழுதி முடிக்க நாட்கணக்கில் ஆகும்.

அந்தப் பக்கத்தில் இப்போது ராசிபலனும் குறுக்கெழுத்துப் போட்டியும் வருகின்றன. ராசிபலனை நகர்த்தினால் வாசகர்கள் சண்டைக்கு வருவார்கள் என்பது எனக்கும் தெரியும். அதைத் தொட வேண்டாம் என்று தாங்கள் முடிவு செய்தால் முந்தைய பக்கத்தின் அடியில் வைத்துக்கொள்ளலாம். குறுக்கெழுத்தைத் தாராளமாக நகர்த்துங்கள். நானும் அதை வாரந்தவறாமல் நிரப்புகிறவன்தான். எந்த மூலையில் வைத்தாலும் தேடிக் கண்டுபிடித்துவிடுவேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர்,
தாராபுரம், திருப்பூர் மாவட்டம்.